பிடித்தால் பணம், கொன்றால் நஷ்டம்: நைட்டுகளின் ஷிவல்ரி

1119 ஆகஸ்ட் 20 அன்று வட பிரான்ஸில் பிரெமூல் என்ற இடத்தில் இங்கிலாந்தின் முதலாம் ஹென்றியும் பிரான்ஸின் ஆறாம் லூயியும் மோதிக்கொண்டார்கள். களத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 900 நைட்டுகள், அதாவது கவசம் அணிந்து குதிரைமேல் போரிடும் வீரர்கள். அந்தப் போரை எழுதிவைத்த ஓர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவியின் கணக்குப்படி செத்தவர்கள் மூன்றே பேர், பிடிபட்டவர்கள் 140. காரணத்தையும் அவரே சொல்லிவிடுகிறார். உடம்பு முழுக்க இரும்பு போட்டிருந்தார்கள். கடவுளுக்குப் பயந்தார்கள். எதிரில் நின்றவன்மேலும் ஒரு தோழமை இருந்தது. ஓடுகிறவனை வெட்டுவதைவிட உயிரோடு பிடிப்பதில்தான் குறியாக இருந்தார்கள்.

ஷிவல்ரி என்று இன்று நாம் சொல்லும்போது நினைவுக்கு வருவது பெண்களிடம் பணிவு, பலவீனருக்குப் பாதுகாப்பு, கண்ணியமான பேச்சு. இவற்றுக்கு மத்தியகால வேர் உண்டு என்றாலும், இப்போதைய பளபளப்பில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா பூசியது. 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஷிவல்ரி என்றால் முதலில் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட தொழில் விதி. யாரைக் கொல்லலாம், யாரைக் கொல்லக் கூடாது, பிடித்தவனை என்ன செய்வது, கொடுத்த வாக்கை மீறினால் என்ன ஆகும், கிடைத்த பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பவைதான் அந்த விதிகள். அவற்றின் நடுவில் இருந்தது மீட்புப் பணம், அதாவது பிடிபட்டவன் விடுதலைக்காகக் கொடுக்கும் தொகை.

முதலில் இரும்பு. 1180 வாக்கில் ஒரு நைட் அணிந்தது சினிமாவில் வரும் தகட்டுக் கவசம் இல்லை. அது 1400-ஐ ஒட்டித்தான் முழு உருவம் பெற்றது. அவன் அணிந்தது வளையக் கவசம். ஒவ்வொரு வளையமும் பக்கத்து நான்கு வளையங்களில் கோக்கப்பட்டிருக்கும். முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளையிட்டுச் சின்ன ஆணி அறைந்து மூடுவார்கள். ஆணி இல்லாமல் வளைத்துவிட்ட வளையம் ஈட்டிமுனை பட்டதும் வாயைப் பிளந்துவிடும். முழங்கால் வரை வரும் ஒரு சட்டைக்கு இருபதாயிரத்துக்கு மேல் வளையங்கள் பிடிக்கும். எடை 10 முதல் 14 கிலோ. அது அத்தனையும் தோளில் தொங்காமல் இருக்க இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கொஞ்சம் எடையை அங்கே மாற்றிக்கொள்வார்கள். உள்ளே பல அடுக்கு லினன் துணியை வைத்துத் தைத்த மெத்தைச் சட்டை. அது இல்லாவிட்டால் வாள் சதையில் இறங்காது, ஆனால் அடியில் எலும்பு முறியும். துரு நீக்க வளையக் கவசத்தை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவார்கள்.

இப்படி மூடிக்கொண்ட ஒருவனைக் கொல்வது சுலபமில்லை என்பதுதான் இங்கே விஷயம். ஒன்றேகால் கிலோ எடையுள்ள வாளால் வளையக் கவசத்தை வெட்டிப் பிளக்க முடியாது. குதிரை ஓட்டத்தின் விசையோடு அக்குளில் இடுக்கிய ஈட்டி நேராகப் பட்டால் வளையம் உடையலாம். கேடயம் நடுவில் வந்தால் அதுவும் நடக்காது. அவனைக் கீழே தள்ளலாம், மூச்சுத் திணற அடிக்கலாம், தலைக்கவசத்தின் பார்வைத் துளையைத் திருப்பிக் கண்ணைக் கட்டினாற்போல் ஆக்கலாம். ஆளைக் கொல்வதற்கு எவ்வளவு சிரமப்பட வேண்டுமோ அதைவிடக் குறைந்த சிரமத்தில் அவனைப் பிடித்துவிடலாம்.

அடுத்தது செலவு. போர்க்குதிரை ஒன்று, பயணத்துக்கு இன்னொன்று, சுமைக்கு மூன்றாவது. இவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் இளம் உதவியாள். இதற்குக் குறைந்தால் தொழில் ஓடாது. போர்க்குதிரை என்றதும் யானை மாதிரி ஒரு மிருகத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இங்கிலாந்தில் தோண்டியெடுத்த குதிரை எலும்புகளை அளந்து பார்த்ததில் பெரும்பாலானவை தோள் உயரத்தில் 147 சென்டிமீட்டருக்குக் கீழேதான் இருந்தன. இன்றைய கணக்கில் அவை மட்டக்குதிரைகள். உயரத்தைவிட, கூட்டத்துக்குள் பாயவும் சட்டென்று திரும்பவும் பழக்கியிருந்ததுதான் விலையை ஏற்றியது. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் காலத்துச் சம்பளப் பட்டியலில் நைட்டுக்கு நாளுக்கு 2 ஷில்லிங். காலாள் வில்வீரனுக்கு 3 பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக ஒரு நைட்டின் சம்பளத்தில் எட்டு வில்லாளிகளை வைத்துக்கொள்ளலாம். அந்தச் சம்பளத்திலும் குதிரையும் இரும்பும் கட்டுப்படியாகவில்லை. 1240களில் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி, ஆண்டுக்கு 20 பவுண்ட் நில வருமானம் உள்ளவர்கள் நைட் ஆகியே தீர வேண்டும் என்று ஆணை போட்டார். நிறையப் பேர் அபராதத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கௌரவம் என்று நாம் நினைக்கும் பட்டத்தைத் தவிர்க்க மக்கள் பணம் கட்டிய காலம் அது.

இந்தத் தொழிலின் உள்ளே பார்க்க நமக்குக் கிடைத்த நல்ல சன்னல் வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கில நைட். 1147-ஐ ஒட்டிப் பிறந்து 1219-இல் இறந்தவர். அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் மகன் பணம் கொடுத்துப் பழைய பிரெஞ்சு மொழியில் எழுதவைத்த வாழ்க்கை வரலாறு 19,000 வரிகளுக்கு மேல் செய்யுளாக இருக்கிறது. குடும்பம் கொடுத்த பணத்தில் எழுதியது என்பதால் புகழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் அந்த எழுத்தாளருக்குக் குதிரைகளின் கணக்கிலும் பணத்திலும் ஒரு தனி ஆசை இருந்திருக்கிறது. நமக்கு அதுதான் லாபம்.

மார்ஷல் நான்காவது மகன், சொத்து வராது. பதின்ம வயதில் நார்மண்டியில் தான்கர்வில் பிரபுவின் வீட்டில் எட்டு ஆண்டுகள் உதவியாளாக இருந்தார். 1166 வாக்கில் திரான்கூர் என்ற ஊரின் சண்டைக்கு முன் இடுப்பில் வாள் கட்டி அவரை நைட் ஆக்கினார்கள். முதல் சண்டையிலேயே பிரமாதமாக அடித்தார், குதிரையை இழந்தார். இரவு விருந்தில் மேண்டவில் என்ற பிரபு, “மார்ஷல், எனக்கு ஒரு பரிசு கொடேன், சேணத்தின் பின்வார் ஒன்று, இல்லாவிட்டால் பழைய குதிரைப்பட்டை ஒன்று” என்று கேட்டார். என்னிடம் அப்படி எதுவுமே இருந்ததில்லையே என்று விழித்தார் இளைஞர். “என்ன சொல்கிறாய், இன்று என் கண்முன்னே நாற்பதோ அறுபதோ கிடைத்ததே உனக்கு!” என்றார் மேண்டவில். மேசை முழுக்கச் சிரிப்பு. யாரையும் பிடிக்காமல் சும்மா அடித்துக்கொண்டே இருந்ததுதான் அந்தப் புது நைட் செய்த பிழை. அடுத்து, வாள் கட்டிய நாளில் போட்டிருந்த மேலங்கியை 22 ஷில்லிங்குக்கு விற்று ஒரு சாதாரணக் குதிரை வாங்க வேண்டி வந்தது.

அவர் பிழைப்பைக் கற்றுக்கொண்ட இடம் டோர்னமென்ட். தடுப்புக்கு இருபுறமும் இரண்டு பேர் ஈட்டியோடு ஓடிவரும் காட்சி பிற்காலத்தது. 1170களில் டோர்னமென்ட் என்றால் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள வயல், திராட்சைத் தோட்டம், தெரு எல்லாம் களம். நூற்றுக்கணக்கானவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மாலை வரை மோதுவார்கள். ஆயுதம் நிஜம். ஓய்வெடுக்க வேலி கட்டிய சில இடங்கள் உண்டு. அதற்குள் இருப்பவரைத் தொடக் கூடாது.

பிடிக்கும் முறை இப்படி. முதல் மோதலில் அணி நெருக்கமாகப் போக வேண்டும். சிதறினால் நீதான் பிடிபடுவாய். எதிரணி உடைந்த பிறகு தனியாகப் பிரிந்து நிற்கும் ஒருவனைப் பார்க்க வேண்டும். அவனுடைய ஆளைவிட அவன் குதிரையின் கடிவாளம்தான் இலக்கு. பக்கவாட்டில் நெருங்கி, கடிவாளத்தை எட்டிப் பிடித்து, குதிரையின் தலையை உன் பக்கம் இழுத்துவிட்டால் மேலே இருப்பவன் என்ன வீரனாக இருந்தாலும் கூடவே வந்துதான் ஆக வேண்டும். அவன் வாளால் அடிப்பான்; கவசம் தாங்கும் என்று நம்பிக்கொண்டு இழுக்க வேண்டும். உன் அணியின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவனிடம் வாக்கு வாங்கு. “நான் உன் கைதி” என்று அவன் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவனைக் கட்டிவைக்கத் தேவையில்லை, காவல் போடத் தேவையில்லை. நீ திரும்பிப் போய் அடுத்த ஆளைப் பிடிக்கலாம். மாலையில் அவனே உன் தங்குமிடம் தேடி வந்து குதிரையையும் சாமானையும் ஒப்படைப்பான், அல்லது அதற்கு ஈடான தொகைக்கு உத்தரவாதம் கொடுப்பான்.

கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் ஷிவல்ரி இருக்கிறது. வாக்குக்கு மதிப்பில்லை என்றால் ஒவ்வொரு கைதிக்கும் இரண்டு காவலாள் வேண்டும், ஒரு நாளில் ஒருவருக்குமேல் பிடிக்க முடியாது, பிடிபட்டவனுக்கும் உயிர் பிழைக்க வழி குறையும். வாக்கு தவறாமை அந்தச் சமூகத்தில் இவ்வளவு பெரிய குணமாகப் பாடப்பட்டதற்கு இந்தச் சிக்கனம் ஒரு காரணம்.

பிசகவும் செய்யும். ஆனே என்ற ஊரின் டோர்னமென்டில் மார்ஷல் சிமோன் த நோஃப்ல் என்பவரைக் கடிவாளத்தோடு பிடித்து ஊருக்குள் இழுத்து வந்தார். சந்தில் வரும்போது தாழ்வாகத் தொங்கிய ஒரு கூரைத் தூம்பைச் சிமோன் எட்டிப் பிடித்துத் தொங்கிவிட்டார். மார்ஷல் திரும்பிப் பார்க்கவில்லை. இடம் சேர்ந்ததும் உதவியாளிடம், “இந்த நைட்டைப் பார்த்துக்கொள்” என்றார். “எந்த நைட்டை, ஐயா?” வெறுங்குதிரை நின்றுகொண்டிருந்தது. கதையைக் கேட்டவர்கள் எல்லாரும், மார்ஷல் உட்பட, சிரித்தார்கள். வாக்கு வாங்குவதற்கு முன் தப்பித்தால் அது கெட்டிக்காரத்தனம். வாங்கிய பின் தப்பித்தால் அவமானம். அந்தக் கோடு எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு நாள், பிளேர் என்ற இடத்தில், அன்றைய பரிசை மார்ஷலுக்குக் கொடுக்கத் தேடினால் ஆளைக் காணோம். கொல்லன் பட்டறையில் பட்டடைக்கல்லின்மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழுத்தில் இறுகிக்கொண்டதால், கொல்லன் சுத்தியலும் குறடுமாக அதைக் கழற்றிக்கொண்டிருந்தான். பரிசு என்ன என்று கேட்பீர்கள். ஒரு பெரிய மீன்.

இப்படிப் பிடித்துச் சம்பாதித்த பணத்தை மார்ஷல் ஒளிக்கவும் இல்லை. ரோஜர் த கோஜி என்ற நைட்டோடு பங்கு சேர்ந்து, ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாள் தொடங்கி, அடுத்த ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வரை ஒரே பருவத்தில் 103 நைட்டுகளைப் பிடித்தார். குதிரைகளும் சாமான்களும் அதில் சேர்த்தி இல்லை. கணக்கை எழுதிவைத்தவர், மார்ஷலின் எஜமானான இங்கிலாந்து இளவரசர் இளைய ஹென்றியின் சமையலறைக் கணக்கர் விகேன். கொள்முதல் எழுதும் அதே கையால் கைதிகளையும் எழுதியிருக்கிறார். இன்றைய பெல்ஜியப் பகுதியான பிளாண்டர்ஸின் கோமகன் பிலிப் இன்னொரு படி மேலே போனார். காலையில் தன் ஆட்களைக் களத்துக்கு அனுப்பாமல் ஓரமாக நிறுத்திவைத்து, மற்றவர்கள் களைத்து அணி குலைந்ததும் பக்கவாட்டில் பாய்ந்து அள்ளிக்கொண்டு போவார். கொஞ்ச நாள் கழித்து இளைய ஹென்றி அதே உத்தியைப் பிலிப்பின் மீதே பயன்படுத்தினார். இதில் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

திருச்சபைதான் வெட்கப்பட்டது. 1130-இல் கிளெர்மோன் சங்கமும் 1139-இல் இரண்டாம் லேட்டரன் சங்கமும் டோர்னமென்டைத் தடை செய்தன. அதில் சாகிறவனுக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது. தடை 1316 வரை ஏட்டில் இருந்தது. ஆபத்து கற்பனை இல்லை. 1186-இல் இங்கிலாந்து அரசரின் மகன் ஜெப்ரி பாரிஸில் குதிரைக் குளம்படியில் இறந்தார் என்கிறார்கள். 1241-இல் ஜெர்மனியின் நொய்ஸ் நகரில் கோடை வெயிலிலும் புழுதியிலும் கவசத்துக்குள் மூச்சுத் திணறிப் பல பத்துப் பேர் செத்தார்கள். அரசர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். 1194-இல் முதலாம் ரிச்சர்ட் இங்கிலாந்தில் ஐந்து இடங்களுக்கு உரிமம் கொடுத்துக் கட்டணம் வைத்தார்: மார்க் என்ற பணக் கணக்கில், ஏர்ல் என்ற பெரும் பிரபு 20, அடுத்த நிலைப் பிரபுவான பாரன் 10, நிலமுள்ள நைட் 4, நிலமில்லாத நைட் 2.

நைட் ஆக்கும் சடங்கைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. குளியல், இரவு முழுக்க விழிப்பு, வாளின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தத்துவம் எல்லாம் காலப்போக்கில் சேர்ந்தவை. 1166-இல் இடுப்பில் வாள், கழுத்தில் ஓர் அடி, போதும். பெரிய விழா வேண்டுமென்றால் 1306 பெந்தெகொஸ்தே அன்று முதலாம் எட்வர்ட் வெஸ்ட்மின்ஸ்டரில் மகனோடு சேர்த்து 250-க்கும் மேற்பட்டவர்களை நைட் ஆக்கியதைப் பார்க்கலாம். அன்று கூட்ட நெரிசலில் உயிர்கள் போயின.

பெண்கள் விஷயத்தில் மார்ஷலின் வரலாறே ஒரு கதை சொல்கிறது. 1183-இல் வழியில் ஒரு துறவி உயர்குடிப் பெண் ஒருத்தியோடு ஓடிப்போவதைப் பார்த்தார். பெண் அழுதுகொண்டிருந்தாள். அண்ணனிடம் சமாதானம் பேசிச் சேர்த்துவைக்கட்டுமா என்று கேட்டார்; அவள் வேண்டாம் என்றாள். எப்படிப் பிழைப்பீர்கள் என்றதற்குத் துறவி, கையில் 48 பவுண்ட் இருக்கிறது, வட்டிக்கு விட்டுச் சாப்பிடுவோம் என்றான். திருச்சபை பாவம் என்று ஒதுக்கிய வட்டி என்ற சொல் வந்ததும் மார்ஷல் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு இருவரையும் போகவிட்டார். அன்றிரவு அந்தப் பணம் நண்பர்களின் விருந்துச் செலவுக்குப் போனது. வாழ்க்கை வரலாறு இதை ஒரு நல்ல காரியமாகத்தான் எழுதியிருக்கிறது.

நிஜப் போரில் மீட்புப் பணத்தின் சட்டம் 14ஆம் நூற்றாண்டில் நன்கு முற்றியது. சரணடைகிறவன் வலது கையுறையையோ தலைக்கவசத்தையோ கொடுப்பான். பிடித்தவன் உயிருக்கு உத்தரவாதம் தருவான். தன் தரப்பு வந்து மீட்டாலும் மீட்காவிட்டாலும் உன் கைதிதான் என்று வாக்குக் கொடுப்பதும் உண்டு. தொகைக்கு ஓர் ஆண்டு நில வருமானம் நியாயம் என்று கருதினார்கள். அதற்குமேல் பிழிந்தால் குடும்பம் அழியும், பணமும் வராது. இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிய நூறாண்டுப் போரின் பிற்பகுதியில் ஆங்கிலப் படையில், பிடித்தவன் மூன்றில் ஒரு பங்கைத் தன் தளபதிக்கும், தளபதி தனக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்கை அரசருக்கும் தருவது வழக்கம். வாக்குக் கொடுத்துவிட்டுக் கட்டாமல் இழுத்தடிப்பவனின் குலச்சின்னத்தைத் தலைகீழாகப் பொது இடத்தில் தொங்கவிடும் உரிமை கடன்கொடுத்தவனுக்கு இருந்தது. அடுத்த முறை அவன் சரணடையப் பார்த்தால் யார் நம்புவார்கள்?

ஓர் ஆளை இரண்டு பேர் பிடித்தால் கைதி யாருக்கு? 1350-ஐ ஒட்டி ஜொஃப்ருவா த ஷார்னி என்ற பிரெஞ்சு நைட் ஷிவல்ரியைப் பற்றி ஒரு நூலும், டோர்னமென்டிலும் போரிலும் எழும் தகராறுகளைப் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளும் எழுதினார். கேள்விகள் இருக்கின்றன, பதில்கள் கிடைக்கவில்லை. மனிதர் இரண்டு தடவை பிடிபட்டு மீண்டவர், கேட்டது அனுபவத்தில்தான். 1356 செப்டம்பர் 19 அன்று பொவாத்தியே போரில் பிரெஞ்சு அரசரின் செங்கொடியை ஏந்தி நின்று செத்தார். அந்தக் கொடியை விரித்தால் யாருக்கும் உயிர்ப்பிச்சை இல்லை என்று பொருள்.

அதே களத்தில் அரசர் இரண்டாம் ஜான் தெனி த மோர்பெக் என்பவரிடம் வலது கையுறையைக் கொடுத்துச் சரணடைந்தார். உடனே பத்துப் பேர் பாய்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான்தான் பிடித்தேன் என்ற கூச்சலுக்கு நடுவில் அரசர் பிழைத்தது, இரண்டு ஆங்கிலப் பிரபுக்கள் வந்து விலக்கிவிட்டதால். அன்றிரவு இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் தோற்ற அரசருக்குத் தானே உணவு பரிமாறினார். இந்தப் பரிமாறலைத்தான் ஷிவல்ரியின் உச்சம் என்று காட்டுவார்கள். 1360-இல் குறித்த மீட்புத் தொகை 30 லட்சம் பொற்காசு. மீட்புத் தொகைக்குப் பிணையாக அனுப்பிய தன் மகன் தப்பி ஓடியதும், 1364-இல் ஜான் தானாகவே லண்டனுக்குத் திரும்பிப் போய் அங்கேயே இறந்தார். முழுத் தொகை கடைசிவரை கட்டப்படவில்லை. அதே எட்வர்ட் 1370-இல் லிமோஜ் நகரைப் பிடித்தபோது நகரத்தார் வெட்டப்பட்டார்கள். அந்தக் காலத்து வரலாற்றெழுத்தாளர் ஃப்ருவாசார் 3,000 பேர் என்கிறார். இன்றைய ஆய்வாளர்கள் சில நூறு என்கிறார்கள். அதே பக்கத்தில் ஃப்ருவாசார் இன்னொன்றும் சொல்கிறார். மூன்று பிரெஞ்சு நைட்டுகள் சுவரில் முதுகை வைத்து நன்றாகச் சண்டை போட்டார்கள். அதைப் பார்த்து இளவரசரின் கோபம் தணிந்தது. அவர்களுடைய சரணை ஏற்றுக்கொண்டார்கள்.

இதை இரட்டை வேடம் என்று நான் சொல்ல மாட்டேன். விதி அப்படித்தான் இருந்தது. மீட்புப் பணம் கட்ட வக்கில்லாதவன் அந்த விதிக்குள் வரவே இல்லை. 1217 மே 20 அன்று லிங்கன் நகரில் எழுபதை நெருங்கிய மார்ஷல், சிறுவர் மூன்றாம் ஹென்றியின் பிரதிநிதியாகப் படை நடத்தி வென்றார். எதிர்த் தலைவர் பேர்ஷ் கோமகன் தலைக்கவசத்தின் பார்வைத் துளையில் பாய்ந்த ஈட்டியால் இறந்தார். கொல்ல நினைக்கவில்லையே என்று இரு தரப்பும் வருந்தியது. குறிப்பிட்டுச் சொல்லும்படி இறந்தவர்கள் அன்று மூன்று பேர்தான், பிரெமூலைப் போலவே. பிறகு வென்ற படை நகரத்தைச் சூறையாடியது. கோயிலையும் விடவில்லை. பெண்கள் குழந்தைகளோடு சிறு படகுகளில் ஏறித் தப்பப் பார்த்தார்கள். படகு சுமை தாங்காமல் கவிழ்ந்து மூழ்கினார்கள். படைவீரர்கள் அந்த நாளுக்கு வைத்த பெயர் ‘லிங்கன் சந்தை’.

எதிரில் நிற்பவன் அதே தொழிற்காரனாக இல்லாவிட்டால் விதி நைட்டைக் காப்பாற்றவும் செய்யாது. 1302 ஜூலை 11, கோர்த்ரைக். பிளாண்டர்ஸ் நெசவாளர்களும் கைவினைஞர்களும் ஓடைகளும் பள்ளங்களும் நிறைந்த ஈரநிலத்தில் காலாளாக நெருங்கி நின்றார்கள். கையில் முனையில் இரும்புக் கூர் வைத்த தடித்த தடி. கைதி பிடிக்கக் கூடாது, கொள்ளையடிக்கக் குனியக் கூடாது என்று முன்பே கட்டளை. காரணம் எளிது: ஒருவன் கைதியை இழுத்துக்கொண்டு வெளியேறினால் வரிசையில் ஓட்டை விழும். பிரெஞ்சுக் குதிரைகள் ஓடைகளில் தடுமாறி, வேகம் இழந்து வந்து முட்டின. விழுந்தவர்கள் சரண் என்று கத்தியிருக்கலாம், கேட்க ஆளில்லை. பிறகு 500 ஜோடிப் பொன் குதிமுட்களைக் கழற்றி மாதா கோயிலில் தொங்கவிட்டார்கள்.

1415 அக்டோபர் 25, அஜின்கோர்ட்டில் விதியை முறித்தவர் ஓர் அரசரே. ஆங்கிலப் படை சிறியது. போர் முடியுமுன்பே பின்வரிசையில் கைதிகள் குவிந்துவிட்டார்கள். தலைக்கவசம் கழற்றியிருந்தாலும் உடம்பில் கவசம் இருந்தது, களம் முழுக்க ஆயுதம் கிடந்தது. பிரெஞ்சுப் படை மறுபடி திரள்வதாகச் செய்தி வந்ததும், பெரும் பிரபுக்களைத் தவிர்த்து மற்றக் கைதிகளைக் கொல்லும்படி இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி சொன்னார். பிடித்தவர்கள் தயங்கினார்கள், கையில் இருந்தது ஆயுள் முழுக்கச் சாப்பிடும் பணம். கடைசியில் ஓர் உதவியாளின் கீழ் 200 வில்லாளிகளை அனுப்பினார் என்று ஒரு குறிப்பு சொல்கிறது. உயிரோடு விடப்பட்ட ஓர்லியான் கோமகன் சார்ல்ஸ் 25 ஆண்டுகள் கைதியாக இருந்தார். வியப்பு என்னவென்றால், இந்தக் கொலைக்காக ஹென்றியைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர்களே பெரிதாகத் திட்டவில்லை. காவலுக்கு ஆளில்லை, வாக்கை நம்ப நேரமில்லை என்பது அவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

பிடித்துச் சேர்த்த பணத்தை என்ன செய்வது என்பதற்கும் விதி இருந்தது: கொடுத்துவிட வேண்டும். சேர்த்துவைக்கும் நைட்டுக்கு மரியாதை இல்லை. தன்னோடு வரும் ஆட்களுக்குக் குதிரை, உடை, சாப்பாடு என்று இறைக்கிறவன் பின்னால்தான் நல்ல ஆட்கள் சேர்வார்கள். 1219 வசந்தத்தில் மார்ஷல் கேவர்ஷாமில் படுத்த படுக்கையாக இருந்தபோது, வாழ்நாளில் பிறரிடமிருந்து எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று மதகுருமார் சொல்வதாக ஒரு நைட் பேச்சை எடுத்தார். குருமார் எங்களை ரொம்பத்தான் நெருக்கிச் சவரம் செய்கிறார்கள் என்றார் மார்ஷல். 500 நைட்டுகளைப் பிடித்து அவர்கள் ஆயுதம், குதிரை, சாமான் எல்லாம் எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்புவது முடியாத காரியம். ஒன்று அவர்கள் வாதம் தப்பு, இல்லாவிட்டால் யாருக்குமே மோட்சம் இல்லை.

இன்னொரு நாள் அவருடைய எழுத்தரான குரு ஒருவர், வீட்டில் இருக்கும் நல்ல உடைகளை விற்று ஆத்மாவுக்காகத் தானம் செய்யலாமே என்றார். மார்ஷலுக்குக் கோபம் வந்துவிட்டது. பெந்தெகொஸ்தே வரப்போகிறது, என் நைட்டுகளுக்குப் புது உடை வர வேண்டிய நேரம், நான் கொடுப்பது இதுவே கடைசி முறை என்று சொல்லி வாயடைத்தார். இருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்கும்படியும், போதாவிட்டால் லண்டனுக்கு ஆளனுப்பி வாங்கும்படியும் உத்தரவிட்டார். மே 14 அன்று இறந்தார். அந்த ஆண்டு பெந்தெகொஸ்தே மே 26.